எட்டு ஏக்கர் உப்பு

பிடிவாதம் இருந்தால் வாழ்க்கையில் முன்னேறலாம் என்கிறார்கள். உண்மைதான். எந்தத் திசையில் முன்னேறுவோம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் ஒருமுறை மூன்று அதிகாரிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அப்படி முன்னேறினேன்.

அப்போது புவித்தகவல் படிப்பை முடித்துவிட்டு, திட்ட அறிக்கை தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மேலாளர், நான். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து ராஜபாளையத்தைச் சுற்றி எது வயல், எது கண்மாய், எது எதற்கும் ஆகாத நிலம் என்று வரைபடத்தில் நிறம் கொடுப்பது என் வேலை. எதற்கும் ஆகாத நிலத்தில் ஒன்றைக் குப்பைக் கிடங்குக்குப் பரிந்துரைப்பார்கள். வரைபடம் நன்றாக அமைந்தால் எனக்கு வேலை நிரந்தரம். (அமையாவிட்டால் வீட்டில் ஜாதகக் கட்டு தயாராக இருந்தது.)

எங்கள் படங்களில் பயிர் சிவப்பாகவும் தண்ணீர் கறுப்பாகவும் தெரியும். (ஏன் என்று கேட்காதீர்கள், கேட்டவர்களுக்கெல்லாம் அரை மணி நேரம் விளக்கி நண்பர்களை இழந்திருக்கிறேன்.) அந்தச் சிவப்புக்கு நடுவே, ராஜபாளையத்துக்கு வெளியே ஓரிடம் மட்டும் பளீரென்று வெள்ளையாக இருந்தது. உப்புப் பூத்த உவர் நிலம் இப்படித்தான் வெள்ளையாகத் தெரியும் என்று படித்திருந்தேன். அளந்தேன். எட்டு ஏக்கர். எனக்குப் புல்லரித்தது.

மேலாளர் நல்ல மனிதர். “ஒரு எட்டு நேர்ல போய் பாத்துட்டு வந்துருங்களேன்” என்றார்.

“சார், எழுநூறு கிலோமீட்டர் ஒசரத்துல இருந்தே பாத்தாச்சு. பஸ்ல போய் புதுசா என்ன பாக்கப் போறேன்?” என்று கேட்டேன். (இதைச் சொன்ன வாயை இன்றைக்கும் கண்ணாடியில் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.)

நேரில்தான் போகவில்லையே தவிர, மற்ற எல்லா ஆராய்ச்சியும் செய்தேன். ஐப்பசி, கார்த்திகைப் படங்களில் வெள்ளையைக் காணோம். மழையில் உப்பு கரைந்து கீழே இறங்கிவிடுகிறது என்று எழுதினேன். வெள்ளையின் ஓரங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல நேராக இருந்தன. வரப்பு கட்டிப் பாசனம் செய்ததால் உப்பும் வரப்புக்குள்ளேயே தங்கிவிட்டது என்று எழுதினேன். பிறகு நல்ல வெயில் நாளில் எடுத்த ஒரு படத்திலும் வெள்ளையே இல்லை. தேதியைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை உப்பு லீவு எடுக்குமா என்று ஒரு விநாடியாவது யோசித்திருக்கலாம். நான் அந்தப் படத்தில் கோளாறு என்று முடிவுகட்டி அதை அழித்துவிட்டேன்.

நகராட்சி அதிகாரிகள் மூன்று பேர் வந்திருந்த கூட்டத்தில் வரைபடத்தைத் திரையில் போட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். குப்பைக் கிடங்குக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது, புல் பூண்டு முளைக்காது, மனித நடமாட்டம் இல்லை என்றேன். மனித நடமாட்டம் இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள் என்பது இன்றுவரை புரியவில்லை. மூத்த அதிகாரி தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “சரி, வண்டி கீழ நிக்கி. போய் பாத்துட்டே கையெழுத்துப் போட்டுருவோம்” என்றார்.

நான் தொப்பி, மண் அள்ளும் பைகள், கொத்துக்கரண்டி சகிதம் முன் சீட்டில் ஏறினேன். அதிகாரிகளும் மேலாளரும் பின்னால் ஏறினார்கள். கையிலிருந்த கருவி வழி காட்டியது. ஒரு வேலிக்காத்தான் புதரைத் தாண்டியதும் வெள்ளை வந்துவிட்டது. கண் கூசியது. ஜீப் நிற்கும் முன்பே குதித்து, “பாத்தீங்களா சார்!” என்று கத்திக்கொண்டே அதன் நடுவில் ஓடினேன். கால் மெத்தென்று பட்டது. குனிந்து உப்பை அள்ளினேன். நாலு முழம் துணி கையோடு வந்தது.

“ஏட்டி! செருப்போட துணி மேல ஏறி நிக்கியே, கண்ணு தெரியல ஒனக்கு?” என்று ஒரு குரல். அம்மாவின் தம்பி, எனது சொந்தத் தாய்மாமா, கையில் கம்போடு ஓடி வந்துகொண்டிருந்தார்.

மாமாவுக்கு பேண்டேஜ் துணியை வெளுத்துக் காயவைக்கும் தொழில். உலகத்துக்கே தெரிந்த தொழில், எங்கள் வீட்டுப் பரணில் கூடச் சுருள் சுருளாக அடுக்கியிருந்த தொழில். எட்டு ஏக்கரிலும் நீளநீளமாகத் துணி விரித்துக் கிடந்தது. மழைக்காலத்தில் விரிக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை களத்துக்கு விடுமுறை.

“உப்பு எங்கம்மா?” என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

குப்பைக் கிடங்கு விஷயம் அதற்குள் களத்தில் பரவிவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடினார்கள். மாரியம்மாள் என்கிற வயதான பெண் அதிகாரியிடம் நேரே வந்தாள். “அய்யா, இங்கன குப்பையக் கொட்டுனா ஈயும் புழுதியும் இதுலதானய்யா வந்து உக்காரும்? பொறவு புண்ணுக்குக் கட்டுற துணிய நாங்க எங்க கொண்டு போய் காயப்போட?”

மாமா என்னைத் திட்டவே இல்லை. என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி, தன் களத்தின் மேல் நான் எழுதியிருந்த ‘பயனற்ற நிலம்’ என்பதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவரை நம்பி அங்கே பதினோரு குடும்பங்கள் இருந்தன. எனக்கு அழுகை வந்தது, அவமானத்தில்தான் வந்தது.

ஆனால் பிடிவாதம் என்பது அவ்வளவு சுலபமாகப் போகிற வியாதி இல்லை. ஜீப்பில் திரும்பும்போது, “சார், பத்து நாள் குடுங்க. படத்துல வெள்ளையாத் தெரியுற அம்புட்டு எடத்தையும் நடந்தே பாத்துட்டு வாரேன்” என்றேன். அதிகாரி என் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அனுமதி கிடைத்தது என்று நானே எடுத்துக்கொண்டேன்.

பத்து நாளும் நடந்தேன். மம்சாபுரம் பக்கம் ஒரு ‘உவர் நிலம்’ கோழிப்பண்ணையின் புதுத் தகரக் கூரையாக இருந்தது. வன்னியம்பட்டிப் பக்கம் இன்னொன்று, வெள்ளையடித்த கல்யாண மண்டபத்து மொட்டை மாடி. கூமாப்பட்டி போகும் வழியில் ஒரே ஓர் இடத்தில் நிஜமாகவே உப்புப் பூத்திருந்தது. யாரையும் நம்பாமல் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நடுரோட்டில் சந்தோஷத்தில் குதித்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

திருத்திய வரைபடத்தில் ‘துணி காயும் களம்’ என்று புதிதாக ஒரு நில வகையைச் சேர்த்தேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் அது கிடையாது. குப்பைக் கிடங்குக்கு வேறு இடம் பார்த்தார்கள். வேலையும் நிரந்தரமானது. செருப்பில் புழுதி இல்லாமல் இனி தன் மேசைக்கு வரைபடத்தோடு வரக்கூடாது என்று மேலாளர் நிபந்தனை போட்டார்.

மாமா மட்டும் விடவில்லை. போன வருடம் கண்மாய்க் கரையை அளக்கப் போய் வழுக்கி விழுந்து, முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். மாமாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். வழியெல்லாம் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நர்ஸ் மருந்து வைத்துவிட்டுப் புது பேண்டேஜ் சுருளைப் பிரித்ததும் அவசரமாகக் குறுக்கே வந்தார்.

“தாயி, செத்த பாத்துக் கட்டுங்க. இவளுக்கு அது உப்பு. புண்ணு எரியுதுன்னு கத்துவா.”