வெயில் காக்காவின் சவர்க்காரப் பெட்டி

என் அருமைப் பிள்ளைகளே, கல்முனையிலிருந்து அட்டாளைச்சேனை வரைக்கும் அடுத்தவர் வீட்டுக் குளியலறைகளில் அதிகம் குளித்த மனிதர் யார் என்று கேட்டால், தயங்காமல் வெயில் காக்கா என்று சொல்லுங்கள். அண்ணன் முறை வைத்து ஊரே அவரைக் காக்கா என்றது; சொந்தப் பெயர் எனக்கும் தெரியாது. வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் தாங்கியை வீடு வீடாகப் பூட்டிக் கொடுப்பது அவர் தொழில். பூட்டிய தாங்கியில் முதல் குளிப்பைத் தான் குளிக்காமல் வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க மாட்டார்.

உங்கள் தம்பி உம்மாவின் வயிற்றில் இருந்த நேரம் அது. பிள்ளை பெற்ற உடம்புக்கு நாற்பது நாளும் சுடுதண்ணீர் வேண்டும். நீங்கள் இருவரும் பிறந்தபோது விறகடுப்பில் கொதிக்கவைத்துத் தூக்கி வந்ததில், பிள்ளைக்கு ஒரு கால் என்ற கணக்கில் என் இரண்டு காலையும் அவித்துக்கொண்டேன். மூன்றாவது பிள்ளைக்கு என்னிடம் கால் இல்லை. வெயில் காக்காவைக் கூப்பிட்டேன்.

விடியற்காலை சுபஹு தொழுத கையோடு வந்தார். கூரைச் சிலாப்பில் கண்ணாடிக் குழாய்களைப் பூட்டி, நம் கட்டில் விரிப்பால் அவற்றை மூடினார். வெறும் குழாய் வெயிலில் காய்ந்த பிறகு பச்சைத்தண்ணீர் பட்டால் வெடித்துவிடுமாம். அன்றைக்கென்று மின்சாரம் நின்று, தண்ணீர் மேலே ஏற மத்தியானமாகிவிட்டது. அதுவரை மனிதர் விரிப்பின் ஓரத்தில் குந்திக் குடை பிடித்தார். குடை தனக்கல்ல, குழாய்க்கு.

"காக்கா, கீழ வந்து தேத்தண்ணி குடிங்களேன்."

"நான் எறங்கினா வெயில் ஏறிடும் தம்பி. மேல அனுப்புங்க."

மறுநாள் தண்ணீர் சுட்டது. காக்கா குளித்து, அவித்த இறால் போலச் சிவந்து வெளியே வந்தார். அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் உம்மா குண்டைப் போட்டார்.

"இஞ்ச பாருங்க, வெயில்ல சுட்ட தண்ணி மக்ரூஹ் எண்டு ஓதப்பள்ளியில படிச்சிரிக்கம். தோலில வெள்ளை விழுமாம். பச்சப்புள்ளைக்கு ஊத்த ஏலாது."

பள்ளிவாசல் மௌலவியிடம் ஓடினேன். "மக்ரூஹ் எண்டா ஹராம் இல்ல தம்பி. நோய் வரும் எண்ட பயத்துல, தவிர்த்தா நல்லம் எண்டாங்க. ஆறின தண்ணிக்கு அதுவும் இல்ல" என்றார். வந்து சொன்னேன்.

"மௌலவிக்கா புள்ள பொறக்கப் போகுது?" என்றார் உம்மா.

காக்கா அசரவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டி நின்று பெனியனைத் தூக்கினார். "எத்தின வீட்டுல குளிச்ச உடம்பு தங்கச்சி. ஒரு புள்ளி இரிக்கா பாருங்க."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"முதுகு மட்டுந்தானே காட்டினேன்" என்று கதவிடம் சொன்னார். பிறகு என்னிடம், "ஒரு கிழமைக்கு, ஏழு நாளும் நானே குளிச்சிக் காட்டுறேன். வெள்ளை விழுந்தா முதல்ல என்ட தோலில விழட்டும்" என்றார்.

அன்றிலிருந்து பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். தோளில் துவாய், கையில் சவர்க்காரப் பெட்டி. அரை மணி நேரம் குளிப்பார். வெளியே வந்து கதவுக்கு முதுகைக் காட்டுவார். "இண்டைக்கும் ஒண்டுமில்ல" என்று அறிக்கை விட்டுப் போவார். அடுத்த வீட்டார், நாம் குளியலறையை வாடகைக்கு விட்டிருக்கிறோமா என்று விசாரித்தார்கள்.

மூன்றாம் நாள் தம்பி பிறந்தான். ஐந்தாம் நாள் உம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கும்போது அஸர் கழிந்திருந்தது. உள்ளே தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது. நான் விறகடுப்பை மூட்டப் போனேன். உம்மா என் காலைப் பார்த்தார். பிள்ளையை என் கையில் தந்துவிட்டுக் குளியலறைக் கதவைத் தட்டினார்.

"காக்கா, எல்லாத்தையும் நீங்களே ஊத்திடாதீங்க. எனக்கும் மிச்சம் வைங்க."

உள்ளே தண்ணீர் சட்டென்று நின்றது. ஒரு காதில் நுரையோடு வெளியே வந்த மனிதர், துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு பறந்துவிட்டார். அதற்குப் பிறகு நம் வீட்டில் குளிக்க அவர் வரவே இல்லை. உம்மா நாற்பது நாளும் அந்தத் தண்ணீரில்தான் குளித்தார். தம்பிக்கு மட்டும் வாளியில் ஆறவிட்டு ஊற்றினார். மௌலவி சொன்னது அப்போது ஞாபகம் வந்ததாம்.

காக்கா இப்போது நுவரெலியாவில் தாங்கி பூட்டுகிறாராம். அந்தக் குளிரில் வெயிலைத் தேடி எந்தக் கூரையில் குந்தியிருக்கிறாரோ. போன கிழமை குழாய்களைத் துடைக்க வேறொருவர் வந்தார். வேலை சுத்தம். ஆனால் குளிக்காமலே போய்விட்டார்.

துடைக்க வந்தவர் போன பிறகு, நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, அன்றைக்கு நுரையோடு ஓடியபோது விட்டுப்போய் குளியலறை ஜன்னலிலேயே கிடந்த காக்காவின் பெட்டியை எடுத்தேன். காய்ந்து வெடித்திருந்த துண்டைச் சுரண்டி, கழுவி, புதுச் சவர்க்காரம் ஒன்றை வைத்து, இருந்த இடத்திலேயே மூடி வைத்தேன்.