எடை பார்த்து வாங்கிய பவர் சப்ளை

புதிதாகக் கம்ப்யூட்டர் கட்டுகிற எவனும் கடைசியாக யோசிக்கிற சாமான் பவர் சப்ளைதான். பிராசசருக்காக ஒரு வாரம் தூங்க மாட்டான். மானிட்டருக்காக நாலு கடை ஏறி இறங்குவான். சுவரிலிருந்து மின்சாரத்தை வாங்கி எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற அந்தத் தகரப் பெட்டி என்று வரும்போது மட்டும், "ஏதோ ஒண்ணு போடுண்ணா" என்பான். நான் அப்படிச் செய்யவில்லை என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஏழு பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, ஆற அமர யோசித்து, இருப்பதிலேயே மட்டமானதைத் தேர்ந்தெடுத்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. (அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயம் ஏதாவது இருந்ததாக ஞாபகம் இல்லை. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போயிற்று.) திருப்பதியில் டிகிரி முடித்துவிட்டு நகரியில் எங்கள் வீட்டில் வேலைக்காகக் காத்திருந்தேன். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நைனாவின் ஆறு விசைத்தறிகள். வீட்டில் நைனா, நான், தங்கை கலா. அம்மா குவைத்தில்.

அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலைக்கு அவள் போய் ஏறக்குறைய நாலு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவள், இன்னொரு இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அதுவும் முடியப் போகிறது, மறுபடியும் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களிடம் இருந்தது பொத்தான் போன். வெள்ளிக்கிழமைதோறும் குரல் மட்டும் வரும். "துன்னியாடா?" என்பாள். "துன்னேன்மா" என்பேன். கலா கொஞ்சம் பேசுவாள், நைனா 'உம்' கொட்டுவார், அதற்குள் நேரம் தீர்ந்துவிடும்.

ஒருநாள் எனக்கும் கலாவுக்கும் சண்டை வந்தது. அம்மாவின் கன்னத்து மச்சம் இடது பக்கமா, வலது பக்கமா? நான் இடது என்றேன், அவள் வலது என்றாள். கத்திக்கொண்டிருக்கும்போதே ஒன்று புரிந்தது. எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. கொட்டகையில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த நைனா, தலையைத் தூக்காமலே சொன்னார். "வலது. காதுக்குக் கீய."

அன்றைக்குத்தான் கம்ப்யூட்டர் கட்டுவது என்று முடிவு செய்தேன். வேலை தேட உதவும் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அம்மாவைப் பார்க்க வேண்டும், அதுவும் பெரிய மானிட்டரில், முகம் முழுசாகத் தெரிகிற மாதிரி. அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையில் வந்தது. அம்மா வேலை செய்கிற வீட்டின் மூத்த பெண் நல்லவள். அன்றைக்கு ஒரு மணி நேரம் தன் லேப்டாப்பைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். நம் ஊரில் பகல் பன்னிரண்டு, அங்கே ஒன்பதரை.

"சமையக்கட்டக் காட்டுடா," என்றாள் அம்மா போனில். "நான் வச்சிட்டு வந்த மேரியே கீதான்னு பாக்கணும்." அதற்காகவே வெப்கேமராவுக்குச் சமையல்கட்டு வரை எட்டுகிற நீள ஒயர் ஒன்று வாங்கி வைத்தேன்.

கல்யாண பேனர்கள் டிசைன் செய்து சேர்த்த பணத்தில் ஒவ்வொரு சாமானாக வாங்கி முடித்தபோது, பவர் சப்ளை மட்டும் பாக்கி. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. கடைக்கார அண்ணா நான் வாங்கிய சாமான்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். "இதி தீஸ்கோ தம்முடு," என்று இதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாங்கிப் பார்த்தேன். காற்றடைத்த பை மாதிரி லேசாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இங்கே எங்கள் பரம்பரை ஞானத்தைச் சொல்லியாக வேண்டும். தறிக்கு மோட்டார் வாங்கும்போது நைனா எதையும் படிக்க மாட்டார். தூக்கிப் பார்ப்பார். "கனமா இருந்தா காப்பரு. லேசா இருந்தா ஏமாத்து." அவர் தூக்கி வாங்கிய மோட்டார் எதுவும் கெட்டுப்போனதில்லை. அந்த நம்பிக்கையில் நான் கடையில் இருந்த ஏழு பெட்டிகளையும் இறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகத் தூக்கினேன். ஏழாவது, கேள்விப்படாத பெயர், மேலே ஒரு விரல் கனத்துக்குத் தூசி, ஐநூறு வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. தூக்கினால் தோள்பட்டை இறங்கியது. இதுதான் என்றேன்.

"பருவு சூசி கொனேதி காது தம்முடு," என்றார் அண்ணா, கவலையாக. இது எடை பார்த்து வாங்குகிற சாமான் இல்லையாம்.

"நாங்க தறிக்காரங்கண்ணா. கரண்டோடவே பொறந்து வளந்தவங்க," என்றேன்.

அவர் ஒரு முறை மேலே ஏழுமலையான் படத்தைப் பார்த்துவிட்டு பில் போட்டார். நான் அதைப் புத்தூர் வழியாக நகரி வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நைனாவும் தூக்கிப் பார்த்தார். "பரவால்லியே, கனமாத்தான் கீது. எத்தினி எச்பி?"

"இது வாட்ஸ்ல நைனா. ஐநூறு."

மனசுக்குள் கணக்குப் போட்டார். "அப்ப முக்கா எச்பிக்குக் கொஞ்சம் கம்மி. இன்னா தறிடா ஓட்டப் போற இதுல?"

இரண்டு நாளில் எல்லாவற்றையும் பூட்டினேன். பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் சோதனை. மறுநாள் தறி ஓட்டக் கூடாது என்பதால் தெருவில் எல்லாக் கொட்டகையிலும் தறி பறந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினேன். மின்விசிறி சுற்றியது, நின்றது. மறுபடி சுற்றியது, மறுபடி நின்றது. கொட்டகை போர்டில் வோல்டேஜ் மீட்டரின் முள் நூற்றைம்பதில் படுத்திருந்தது. எங்கள் தெருவில் எல்லாத் தறியும் ஓடினால் அவ்வளவுதான் வரும். அந்த நேரத்தில் டியூப் லைட்டே கண் சிமிட்டிக்கொண்டுதான் எரியும்.

"ஸ்டெபிலைசரு போட்டுக்கோடா," என்றார் நைனா. வீட்டில் இருந்த ஒரே ஸ்டெபிலைசர் டிவியோடது. சீரியல் முடியாமல் அதைக் கழற்றினால் என்னைக் கழற்றிவிடுவதாகக் கலா சொன்னாள்.

அப்போதுதான் பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்ன சிவப்பு சுவிட்சைக் கவனித்தேன். ஒரு பக்கம் 230, இன்னொரு பக்கம் 115. சுவிட்ச் 230இல் இருந்தது. நமக்கு வருவது நூற்றைம்பது. நூற்றைம்பதுக்கும் இருநூற்று முப்பதுக்கும் வித்தியாசம் எண்பது. நூற்றைம்பதுக்கும் நூற்றுப் பதினைந்துக்கும் வித்தியாசம் வெறும் முப்பத்தைந்து. எது பக்கம்? (டிகிரி படித்த மூளை வேறு எப்படி வேலை செய்யும்?) ஸ்குரூ டிரைவரால் சுவிட்சை 115க்குத் தள்ளினேன்.

கம்ப்யூட்டர் ஓடியது! நிற்காமல், குதிக்காமல், சமர்த்தாக ஓடியது. "ஸ்டெபிலைசரே தேவையில்ல நைனா. நம்ம தெருவ நெனச்சே இந்த சுவிட்ச வச்சிருக்கான்," என்று ஒரு பிரசங்கம் செய்தேன்.

"அவன் நம்ம தெருவுக்கு எப்ப வந்தான்?" என்று கேட்டாள் கலா. நான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் தறிகளைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். கம்ப்யூட்டருக்கும் வைத்தோம். கலா மானிட்டருக்குச் சாமந்திச் சரம் சுற்றினாள். பதினோரு மணிக்கே நைனா குளித்து, சலவைச் சட்டை போட்டு, முகத்தை வழவழவென்று மழித்துக்கொண்டு வந்து நின்றார். வாரத்துக்கு ஒருமுறை மழிக்கிறதே அதிகம் என்கிற மனுஷர்.

"நான் எங்கடா குந்தணும்?"

நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரி செய்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார். "அவளுக்கு நம்பள நல்லாத் தெரியுமாடா? வெளிச்சம் பத்துமா?"

பத்தும் என்றேன். அவர் நாலு வருஷமாக அந்த 'உம்'முக்குள் எதையெல்லாம் போட்டு மூடி வைத்திருந்தார் என்று அந்த ஒரு கேள்வியில் தெரிந்தது.

எனக்குத் தெரியாமல் போனது வேறொன்று. தெருவில் ஒரு தறி ஓடவில்லை. ஒரு தறியும் ஓடாத நாளில் எங்கள் தெருவுக்கு வோல்டேஜ் முழுசாக வரும். பண்டிகை நாளில் பல்பு போவது எங்களுக்குப் புதிதில்லை. தறிக்காரன் வீட்டுப் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி அது. கொட்டகை மீட்டரில் முள் இருநூற்று நாற்பதில் விறைப்பாக நின்றிருக்கிறது. கரண்டோடவே பிறந்து வளர்ந்த நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்பு சுவிட்ச் இன்னும் 115இலேயே இருந்தது. சரியாகப் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பொத்தானை அழுத்தினேன்.

டமால்!

நீலமாக ஒரு வெளிச்சம், அதன் பின்னால் கருப்பாக ஒரு புகை. கலா அலறினாள். நைனா அந்த வயதில் ஒரே தாவில் போய் மெயினை அணைத்தார். வாசலில் யாரோ கத்தியது கேட்டது. "யார்ரா அது, பூசணிக்கா ஒடைக்கறதுக்குள்ள வெடி உட்டது?"

புகை அடங்கியதும் நைனா திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேற வழி இல்லியாடா?"

"எல்லாக் கடையும் பூஜைக்கு மூடிட்டாங்க நைனா."

தலையை ஆட்டினார். சலவைச் சட்டையில் கரி படிந்திருந்தது. ஒரு மணி வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த ஒரு மணி நேரம் முடிகிற வரைக்கும் அந்த இருட்டு மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என் வாழ்க்கையில் என்னை நானே அவ்வளவு வெறுத்த நேரம் இன்னொன்று இல்லை.

பிறகு பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே வெடித்துச் சிதறிய சில துண்டுகள். ஒரு மூலையில், எந்த ஒயரோடும் சம்பந்தமில்லாமல், பசை போட்டு ஒட்டிய ஒரு இரும்புக் கட்டி. நைனா அதைப் பிய்த்தெடுத்துக் கையில் வைத்து எடை பார்த்தார். "இதாண்டா உன் காப்பரு."

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "இன்னாடா, படமே வரலியே?"

நடந்ததைச் சொன்னேன். சுவிட்ச், கணக்கு, சாமந்திச் சரம், வெடி, இரும்புக் கட்டி, எல்லாம். "யாருக்கும் அடி கிடி படலியே?" என்றாள். இல்லை என்றேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். கலா போனைப் பிடுங்கிக்கொண்டு அவளும் சிரித்தாள். நைனா போனை வாங்கி, முதல் முறையாக 'உம்' இல்லாமல், "உன் புள்ள இன்னா பண்ணான் தெரியுமா," என்று மறுபடி முதலிலிருந்து சொன்னார். நான் மட்டும் கொட்டகைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அம்மா மறுபடி கையெழுத்துப் போடவில்லை. பொங்கலுக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். ஏன் வந்தாள் என்று அவளாகவே ஒருநாள் சொன்னாள், சமையல்கட்டில் பாத்திரங்களைத் திரும்பவும் தன் இஷ்டத்துக்கு அடுக்கிக்கொண்டே.

"அன்னிக்கி அந்தப் பொண்ணு குடுத்த பொட்டி முன்னால ஒரு மணி நேரம் குந்திகினு இருந்தேன். நீங்க யாரும் வரல. என் மூஞ்சி மட்டும் எதிர்ல தெரிஞ்சிகினே இருந்துச்சு. பாத்துகினே இருந்தேன். தலயெல்லாம் நரச்சிப் போச்சு. யாருக்காவ இங்க குந்திகினு நரைக்கறோம்னு தோணிச்சி. நீங்க மட்டும் வந்திருந்தீங்கன்னா, உங்க மூஞ்சியப் பாத்துகினே இன்னும் ரெண்டு வருசம் ஓட்டியிருப்பேன்."

அதிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்து விசாரித்தாலும் நைனாவுக்கு ஒரே பதில்தான். "அவளா வரல. இவன் வெடி வச்சிக் கூட்டினு வந்தான்." என் கல்யாணத்தன்று பெண் வீட்டாரிடமும் அதைத்தான் சொன்னார்.

இப்போது நான் சித்தூரில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறேன். (ஆமாம், நானேதான்.) அம்மாவும் நைனாவும் என்னோடு இருக்கிறார்கள். கலா கல்யாணமாகி ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். நல்ல பவர் சப்ளை, நல்ல நெட், ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி பேசுகிறாள். சட்டியில் என்ன கொதிக்கிறது என்றுகூடத் தெரியும். "அடுத்த வருசம் கண்டிப்பா வரேம்மா," என்பாள். அவளுடைய அடுத்த வருஷம் மூன்று முறை வந்து போய்விட்டது.

போன வாரமும் சொன்னாள். கலா கையசைத்து, படம் மறைந்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், திருப்பதில அந்தக் கடை இன்னும் கீதா?"

"எந்தக் கடைம்மா?"

"அதான், கனமான பொட்டி விப்பாங்களே. கலாவுக்கு ஒண்ணு வாங்கி அனுப்புடா."