தாராளக் கலைக் கல்லூரி வேண்டாம் என்று அண்ணனுக்கு எழுதியது

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. இங்கே யாவரும் நலம். தங்கள் இல்லத்திலும் நலக்குறைவு இராது என்றே கொள்கிறேன். இருந்திருந்தால் அண்ணியார் இதற்குள் நான்கு முறை தொலைபேசியில் அழைத்திருப்பார்.

தங்கள் மருமகளான என் மகளின் கல்லூரி விஷயமாகத் தாங்கள் இட்ட கட்டளையை நிறைவேற்றிக் களைத்துப்போய் எழுதுகிறேன். மூவாயிரம் பேர் படிக்கும் பொறியியல் கல்லூரியில் தாங்கள் சொல்லிவைத்திருக்கும் இடம் ஒருபுறம். இருநூறு பேர் படிக்கும் அந்த லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி மறுபுறம். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் அனுப்ப வேண்டும். "பேரு இருக்கான்னு விசாரி. பேரில்லாத காலேஜ்ல படிச்சா எவன் வேலை குடுப்பான்?" என்றீர்கள். விசாரித்தேன்.

முதற் பிழை என்னுடையது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மற்றதையெல்லாம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தித் திருத்தியே கற்றவள் என்பது தாங்கள் அறிந்ததே. ஓர் ஆங்கிலச் சொல்லை அப்படியே விட மனம் வராமல், அகராதியைப் புரட்டி, சென்ற கடிதத்தில் 'தாராளக் கலைக் கல்லூரி' என்று எழுதிவிட்டேன். உடனே அண்ணியார் அழைத்து, "தாராளம்னா மார்க்கை அள்ளிப் போடுவாங்களா?" என்றார். தங்கள் மாப்பிள்ளையான என் வீட்டுக்காரர், விடுதிச் சாப்பாடு தாராளம் என்று புரிந்துகொண்டு அன்றே சம்மதித்துவிட்டார். எதிர்வீட்டுத் தையற்காரரோ, "ஆர்ட்ஸா? அப்ப நம்ம கடைக்கு ஒரு போர்டு எழுதித் தரச் சொல்லுங்க" என்கிறார்.

பிறகு பெயரை எடைபோடப் புறப்பட்டேன். பதினொரு பேரிடம் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். ஒன்பது பேர் "எது?" என்றார்கள். பத்தாமவர், "அதை மூடிட்டாங்களே!" என்றார். பல் மருத்துவர் ஒருவர்தாம், என் வாய்க்குள் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, "அதுவா? பிரமாதமான காலேஜாச்சே!" என்றார். மறுத்துப் பேச இயலாத நிலையில் மகிழ்ந்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கேட்டால், அவர் சொன்னது வேறொரு கல்லூரியாம்.

சரி, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று மகளையும் அழைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். "அந்த ஸ்டாப்ல யாரும் எறங்க மாட்டாங்களேம்மா" என்று ஓட்டுநர் சந்தேகத்தோடேயே நிறுத்தினார். உள்ளே ஒரு வகுப்பில் எங்களையும் உட்கார வைத்தார்கள். பன்னிரண்டு மாணவர்கள், கணக்குப் படிப்பவன், செடிகொடி படிப்பவள் எல்லோரும் ஒரே அறையில். பலகையில் ஒரே ஒரு வரி: 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது.' இதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று முக்கால் மணி நேரம் சண்டை போடுகிறார்கள் அண்ணா! ஒரு பையன் ஆசிரியையைப் பார்த்து, "நீங்க சொல்றது தப்பு மேடம்" என்கிறான். அந்த அம்மாளோ, "அப்படியா, எப்படி?" என்கிறார். அவருக்கே தெரியவில்லை என்றால் சம்பளம் எதற்கு?

கடைசியில் என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். அந்த வரியை ஆயிரம் முறை மெய்ப்புப் பார்த்தவள் நான். எழுந்து நின்று, "பிழை இல்லைங்க" என்றேன். "அது சரிம்மா. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் மகள், "மாமாவோட ஃப்ரெண்டுங்களுக்குப் பேரு தெரியணும்னுதான் நான் நாலு வருஷம் படிக்கணுமா?" என்றாள். அதட்டி வைத்தேன். பெயர் இல்லை, பேருந்திலிருந்து இறங்க ஆள் இல்லை, ஆசிரியருக்கு விடையும் தெரியவில்லை. ஆகவே தாங்கள் சொன்ன கல்லூரியிலேயே சேர்த்துவிடுவதென முடிவாயிற்று.

அண்ணியாருக்கு என் அன்பு. தங்கள் முழங்கால் வலி நீங்கி, மாடிப்படி தங்களுக்குக் கட்டுப்பட்டு நடக்குமாக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை

பி.கு.: அனுப்புமுன் இக்கடிதத்தை வழக்கம்போல் மெய்ப்புப் பார்த்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் தாங்கள் நினைப்பது இருக்கிறது, அண்ணியார் நினைப்பது இருக்கிறது, பல் மருத்துவர் நினைப்பதுகூட இருக்கிறது. நான் என்ன நினைக்கிறேன் என்பது எந்த வரியிலும் இல்லை. ஆதலால் அந்தச் சிறிய கல்லூரிக்கே சம்மதம் எழுதி, சற்றுமுன் நானே போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். பொறியியல் கல்லூரியில் தாங்களே சொல்லிவிடுங்கள்.