மாமாவின் தீர்த்தமும் என் ஆமணக்கு நுரையும்

தப்பு என்னுடையதில்லை. ஆறு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எங்கள் வீட்டில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை. (சரி, கால்வாசி என்னுடையது. அதற்குமேல் இம்மியும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.)

கெமிஸ்ட்ரி படித்து முடித்த கையோடு எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ஐஸ் பெட்டிச் சுவருக்குள் கெட்டியாக ஒரு நுரை அடைத்திருப்பார்களே, அதைப் பெட்ரோலியச் சரக்குக்குப் பதில் ஆமணக்கு எண்ணெயில் செய்துவிடலாம் என்று. சேத்தூர் போகிற வழியில் தாய்மாமாவுக்கு ஒரு தகர ஷெட் இருந்தது. அதன் மூலையில் நாற்பது வாளிகளைப் பாழாக்கிய பிறகுதான் நுரை ஒழுங்காக எழும்பி இறுகியது. இந்த வேலையில் தண்ணீர்தான் எல்லாம். சொட்டுக் கணக்கில் விட்டால் நுரை எழும்பும், கூடிப்போனால் பேயாட்டம் ஆடும். அதனால் எண்ணெயை இரண்டு மணி நேரம் சூடாக்கி ஈரத்தை விரட்டிவிட்டு, இங்க் ஃபில்லரால் தண்ணீர் விடுவேன். இதை யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் புரியாது என்கிற திமிர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் ஜெயாக்கா, பால் கேன்களைச் சுற்றி நுரை போட்டுத் தருவீர்களா, வந்து பார்க்கிறேன் என்றார். அந்த ஆர்டர் கிடைத்தால் ஷெட் எனக்கு. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை சென்னையில் பெயிண்ட் கம்பெனி வேலை. அப்பா ரயில் டிக்கெட்டே எடுத்துவிட்டார்.

அன்று நான் வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தேன். (மே மாதம், தகர ஷெட்டுக்குள்.) மாமா நுரை கலக்கும் மிக்சருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பூச்சுற்றி, பூஜை போடட்டுமா என்று கேட்டார். தாராளமாகப் போடுங்கள், நெருப்பு மட்டும் ஆகாது, சூடம் வேண்டாம் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன். நெருப்பைச் சொன்ன வாய் தண்ணீரைச் சொல்லவில்லை. என் கால்வாசி அதுதான்.

எண்ணெயோடு, அதை இறுக வைக்கும் ரசாயனத்தையும் ஊற்றிக் கலக்கியபடி ஜெயாக்காவுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சூடம் காட்டாத குறையை ஈடுகட்ட நினைத்த மாமா, மாவிலையால் தெளிக்க வேண்டிய தீர்த்தத்தை ஒரு செம்பு முழுக்க வாளிக்குள் சாய்த்தார். நான் அலறினேன். அவர் பதறிச் செம்பையும் உள்ளே விட்டார்.

வாளி கொஞ்சம் யோசித்தது. பிறகு ஆவி பறக்க எழுந்தது. விளிம்பைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, தரையில் வழிந்து என் செருப்பைச் சிமெண்டோடு ஒட்டியது. எல்லோரும் வெளியே ஓடினோம், நான் வெறுங்காலோடு. கோட்டின் ஒரு முனை உள்ளேயே தங்கிவிட்டது.

"ஏலே மாப்ள, அம்புட்டும் பொங்கிட்டு பாத்தியா. நல்ல சகுனம்லே," என்றார் மாமா.

எனக்கு வந்ததே கோபம். பொங்கலுக்குப் பானை பொங்குவதும் இதுவும் ஒன்றா? அது வீணாய்ப்போன நுரை, முழுக்க ஓட்டை, தொட்டால் உதிரும் என்று மாமா என்றும் பாராமல் கத்தினேன். கடைசியில் அழுதும்விட்டேன்.

ஜெயாக்கா சூடு அடங்கியதும் உள்ளே போய்ப் பார்த்தார். செம்பு நிமிர்ந்தபடி புதைந்து, வாய் மட்டும் வெளியே தெரிந்தது. அத்தை கொடுத்த டீயை அதில் ஊற்றி, தட்டால் மூடிவிட்டு, சாப்பிட்டு வரலாம் என்றார். சாப்பாடு, ஊர்க்கதை எல்லாம் முடிந்து வந்து, விரலை விட்டவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"இன்னும் சுடுது தம்பி. பன்னெண்டு கேனுக்குப் போட்டுத் தாங்க," என்றவர், மாமாவிடம் திரும்பி, "அந்தத் தீர்த்தத்தையும் மறந்துராதீக அண்ணாச்சி," என்றார்.

ஷெட் இன்று என்னுடையது. சொட்டுத் தண்ணீரை இன்றைக்கும் ஃபில்லரால் அளந்து விடுவது நான். அது மாமாவின் தீர்த்தமாக இருக்க வேண்டும் என்பது ஜெயாக்காவின் நிபந்தனை. நுரையோடு அறுத்தெடுத்த அந்தச் செம்பு வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. யார் வந்தாலும் மாமா அதைக் காட்டிச் சொல்வார்: "படிச்ச புள்ளைக்கு நாப்பது வாளி ஆச்சு. எனக்கு ஒத்தச் செம்புதான்."