தீர்த்தமாகிப் போன பயற்றம் புரதம்

நீர்வேலி,
ஆவணி, 1992

மதிப்பிற்குரிய திரு. இராசநாயகம் அவர்கட்கு,

நீர்வேலிச் சண்முகநாதன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். அங்கு தங்கள் சுகமும், விசேடமாகத் தங்கள் குடும்பத்தாரின் வயிற்றுச் சுகமும் அறிய ஆவல்.

ஞாயிறன்று பொம்பிளை பார்க்க வந்தபோது என் மகள் குணலட்சுமி தேம்பி அழுததைக் கண்டு, அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று தாங்கள் நினைத்ததாகக் கேள்வி. ஐயோ, அப்படியில்லை. அவள் அழுதது புரதத்துக்கு. பயற்றிலுள்ள புரதங்களைப் பருமன்படி பிரிப்பதுதான் அவளது பல்கலைக்கழக ஆராய்ச்சி. அங்கே கரண்ட் இல்லை, குளிர்ப்பெட்டியும் செத்துப்போச்சு; எங்கள் வீட்டில் குளிர்ந்த இடம் சாமி அறைதான் என்று அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாயை நட்டுவிட்டாள். குழாய் நிறைய நனைந்த ரவை மாதிரி மணிகள். மேலே பயற்றுச் சாற்றை விட்டு, கீழே சொட்டுவதைக் குப்பி குப்பியாய்ப் பிடிக்க வேணும். பெரிய புரதம் முந்தி வருமாம். எனக்கு விசர் பிடித்தது. "பிள்ளை, மா அரிச்சால் சின்னன்தானே முந்தி விழும்?" என்றேன். "இல்லையப்பா, உந்த மணியளிலை நுண்ணிய ஓட்டையள் இருக்கு. பெரிசு உள்ளுக்கை போகேலாமல் நேரை வந்திடும். சின்னன் ஓட்டை ஓட்டையாய்ப் புகுந்து வெளிக்கிட்டுப் பிந்தித்தான் வரும்" என்றாள்.

அன்றைக்கென்று அரியாலையிலிருந்து உதவிக்கு வந்த என் அக்கா அருமைநாயகி, சாமிக்கு முன்னால் குப்பிகள் வரிசையாய் இருக்கக் கண்டு, ஆரோ கோயில் கோயிலாய்ப் போய்க் கொண்டுவந்த தீர்த்தமென்று எடுத்துத் தங்கள் எல்லோருடைய கையிலும் வார்த்துவிட்டா. தங்கள் பாரியார் முகத்தைச் சுளித்து "உப்புக் கரிக்குது" என்று சொல்ல, அக்கா "கடலோரத்துக் கீரிமலைத் தீர்த்தமாக்கும்" என்று இன்னொரு குப்பியையும் வார்த்தா. பெரிய புரதம் தங்களுக்கு, சின்னப் புரதம் மாப்பிள்ளைக்கு. தேத்தண்ணியோடு வந்து இதைக் கண்ட பிள்ளை வேறென்ன செய்வாள்? பயப்பட வேண்டாம், உப்பும் பயறும்தான். கலியாணத்துக்குப் பிறகு படிப்பு வேண்டாம் என்ற தங்கள் விருப்பத்துக்கு நான் முழுச் சம்மதம். நல்ல நாள் பார்த்து அறிவியுங்கள்.

தங்கள் இல்லத்தில் எல்லா மங்கலமும் பொங்க முருகனை வேண்டும்,
சண்முகநாதன்

பி.கு.: இதை வாசித்துவிட்டுப் பிள்ளை சொன்னாள்: "அப்பா, பயறு இன்னும் கிடக்கு. புரதத்தை நாளைக்கே திரும்ப ஓடவிடுவன், அதுக்கு ஆர் அழுதது? தேத்தண்ணியோடை வாறன், படிப்பை நிப்பாட்டோணும் எண்டு அவையள் சொல்லினம், நீங்கள் ஓம் எண்டு தலையாட்டிறியள்." தலையாட்டியதை இத்தால் மீளப் பெறுகிறேன். அவள் படிப்பாள். அது ஒத்துவராவிட்டால் இந்தச் சம்பந்தமும் வேண்டாம். வேறு கடதாசி கிடைக்காதபடியால் மேலுள்ளதையும் சேர்த்தே அனுப்புகிறேன். தயவுசெய்து அதை வாசியாமல் விடவும்.