கொழுந்தெடுக்கும் பூனை

கணினித் திரையில் பச்சைக் கொடியை அழுத்தினால் பூனை மலையேறித் தேயிலைக் கொழுந்தெடுக்க வேண்டும். நேற்றுப் பின்னேரம் வரைக்கும் ஒழுங்காக எடுத்தது. இன்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்து முன்வரிசையில் உட்கார்ந்ததும், திரையில் இருந்த பூனை மலைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேரே படத்திலிருந்த துரை பங்களா வாசலுக்கு நடந்துபோய்க் குந்திக்கொண்டது.

தனேஸ்வரன் மாஸ்டர் திரையருகே குனிந்து உற்றுப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தவர், வகுப்பு முழுவதற்கும் ஒரே ஒரு கணினியை வைத்து மாரடித்துக்கொண்டிருந்தார். அதுவும் தோட்டத்து ஆபீஸ் கழித்துக் கொடுத்தது. கட்டளைக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்திப் பிள்ளைகள் படத்தை நடக்க வைப்பது துரைக்குப் பிடித்துப்போனால், ஆபீசில் சும்மா கிடக்கும் இன்னும் நாலு கணினி வரும். அதற்குத்தான் இந்தப் பாடு.

காலையில் பிள்ளைகள் "கொஞ்சம் திருத்திக்கிறோம் சார்" என்று கேட்டபோது தலையாட்டியது எவ்வளவு மடத்தனம் என்று இப்போது உறைத்தது.

மறுபடி கொடியை அழுத்தினார். இன்னொரு பூனை எங்கிருந்தோ வந்து முதல் பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

பின்வரிசையில் சிவானுஜா கையைத் தூக்கினாள். துரைக்கு முன்னால் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது மாஸ்டரின் உத்தரவு. கண்ணை உருட்டி அவளை அடக்கினார்.

மவுசால் ஒரு பூனையைப் பிடித்து மலைக்கு இழுத்துப்போய் விட்டார். போன வேகத்தில் அது திரும்பி வந்தது. வரும்போது இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு வந்தது. கட்டளைக் கட்டையில் இருந்த காலடி எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தார். வருகிற பூனைகள் ஓடி வந்து குந்தின. பதற்றத்தில் கை எங்கேயோ பட, எல்லாம் சேர்ந்து கத்தத் தொடங்கின.

"என்ன மாஸ்டர், மெசின்ல பிரச்சினையா?" என்றார் துரை.

"வைரஸ் போல கிடக்கு, சேர்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். துரையின் முகம் கறுத்தது. அப்படியென்றால் தன் ஆபீசில் வைரஸ் இருக்கிறதா என்று கேட்டார். மாஸ்டர் இல்லை இல்லையென்று மென்று விழுங்க, துரையோடு வந்திருந்த பெரிய கிளாக்கர் இரகுநாதன், பழுதான மெசினை இன்றைக்கே லொறியில் ஏற்றிவிடுவதுதான் நல்லது என்றார். துரையும் ஆமோதித்தார். நாலு வரும் என்று பார்த்தால், இருந்த ஒன்றும் போகப்போகிறது.

மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடியும் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற சிவானுஜாவைப் பார்த்து, "சொல்லு பிள்ளை, காலமை இதில என்னத்தைச் செய்து வச்சனீங்கள்?" என்று கேட்டார்.

அவள் துரையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னாள்.

"மெசின்ல ஒரு கோளாறும் இல்லைங்க சார். தொரை சம்பளத்தக் கூட்டுற வரைக்கும் பூனைங்க வேலைக்கு எறங்காதபடிதான் எழுதியிருக்கோம்."