கடைசித் துண்டும் எட்டாம் கேள்வியும்

"நாவலைப் படிச்சீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க ஆர்லன்!"

"லோர்னா, நான் சொல்றதைக் கொஞ்சம்—"

"படிச்சீங்களா?"

"படிச்சா நான் எப்படிங்க நடுநிலையா இருக்க முடியும்?"

மனித குலம் இதுவரை கண்ட நீதிமன்றங்களில் தலைசிறந்தது, மினசோட்டாவில் எங்கள் ஊர்ப் பள்ளியின் 'மதிப்பெண் மேல்முறையீட்டுக் குழு'தான். முப்பத்தொரு வருடமாக அதன் செயலாளராக இருக்கும் இந்த இங்கா இதை அடித்துச் சொல்வாள். மற்ற ஊர்களில் புத்தகத்தைப் படித்தவர்களே புத்தகத்தைப் பற்றித் தீர்ப்பும் சொல்கிறார்களாம். என்ன அநியாயம்! படித்தவருக்குக் கருத்து வந்துவிடும். கருத்து வந்த இடத்தில் நீதி தங்குமா? எங்கள் தலைவர் ஆர்லன் ட்வெட்டன் பன்னிரண்டு வருடமாக அந்தத் தடித்த பாட நாவலின் அட்டையைக்கூடத் திறந்ததில்லை. அப்படியொரு தவம்.

அன்றைய வழக்கு, பன்னிரண்டாம் வகுப்பு தீலியா ஓஸ்ட்பியுடையது. தேர்வின் எட்டாம் கேள்வியில் நாவலிலிருந்து ஒரு பத்தி கொடுத்திருந்தார்கள். ஆலை முதலாளியின் வரவேற்பறை. எரியாத கணப்பில் காகிதப் பூ. பத்து நாற்காலியில் ஒன்பதுக்குத் துணி போர்த்தியிருக்கிறது. பத்தாவது மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகியிருக்கிறது. 'இந்த வர்ணனையின் மூலம் ஆசிரியர் உணர்த்தும் குணம் யாது?'

விடைப்பட்டியல் சொல்வது: 'தூய்மை'. தூசி படியக் கூடாதென்றுதானே துணி போர்த்துவார்கள்? தீலியா எழுதியது: 'தான் ஒருத்தன் வசதியா இருந்தாப் போதும்னு நினைக்கிற ஆள்.' பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தால் இரண்டு மதிப்பெண்ணில் தோல்வி. தோற்றால் டுலூத் நர்ஸிங் கல்லூரியில் கிடைத்த இடம் போச்சு. பூஜ்யம் போட்ட ஆசிரியை லோர்னாவே இப்போது அவளுக்காக வாதாடினாள். பட்டியலை மீறி மதிப்பெண் போட அவளுக்கு 'அதிகாரம்' இல்லை. அழ மட்டும் இருந்தது.

"இங்க பாரும்மா," என்றார் தலைவர் தீலியாவிடம் கனிவோடு. "அந்த ஆளு சுயநலக்காரன்னு ஆசிரியர் எங்கயாவது எழுதியிருக்காரா? ஒரு வார்த்தை காட்டு பாப்போம்."

"எழுதல சார். நாற்காலியைக் காட்டியிருக்காரே."

"நாற்காலி பேசுமா?"

உறுப்பினர்கள் இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் சிரித்ததும் இவர்களும் சிரித்தார்கள். கருத்து வேற்றுமை எங்கள் குழுவில் தலைகாட்டியதே இல்லை.

பத்து நிமிடம் இடைவேளை. லோர்னா சுட்டுக் கொண்டுவந்த எலுமிச்சைக் கேக் தட்டு சுற்றி வந்தது. அப்போதுதான் தலைவர் என் பக்கம் குனிந்தார்.

"இங்கா, குழுவுக்கு இது ஐம்பதாவது வருஷம். இன்னிக்கு எழுதுற நடவடிக்கைக் குறிப்பை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டப்போறோம். கொஞ்சம் வர்ணனை சேருங்க. இந்த ரூம், நாம உட்கார்ந்திருக்கிற அழகு..."

"புகழ்ந்து எழுதட்டுமா?"

"சேச்சே! குறிப்புல கருத்தே வரக்கூடாது. விதி அது. கண்ணுல பட்டதை மட்டும் எழுதுங்க. தானா தெரியும்."

விதியை நான் மீறியதில்லை. எழுதினேன். வாக்கெடுப்புக்கு முன் குறிப்பை உரக்கப் படித்து ஒப்புதல் வாங்குவது எங்கள் வழக்கம். எழுந்து படித்தேன்.

"'வெளியே பனி. மைனஸ் இருபது. அறைச் சூட்டைக் கூட்டும் பொத்தான் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது. சாவி தலைவரின் சட்டைப் பையில் இருக்கிறது.'"

"ம், பாதுகாப்பு! நல்லா வருது," என்றார் தலைவர்.

"'தலைவரின் மேஜைக்கடியில் ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. அதன் முகம் அவர் காலைப் பார்த்திருக்கிறது. மனுதாரர் கோட்டைக் கழற்றவில்லை.'"

"அது எதுக்கு இங்கா?"

"கண்ணுல பட்டதுங்க. 'மெத்தை நாற்காலிகள் ஆறு. ஐந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் சுவரோரம் நிற்கின்றன. ஆறாவதில் தலைவர் அமர்ந்திருக்கிறார். மற்றவர்களுக்கு மடக்கு இரும்பு நாற்காலி.'"

அறையில் ஓர் இருமல் கேட்டது. மேலே படித்தேன்.

"'தட்டில் ஒரே ஒரு கேக் துண்டு மிஞ்சியது. லோர்னா அதில் பாதியை வெட்டி எடுத்தார். ஓர் உறுப்பினர் மிஞ்சியதில் பாதியை எடுத்தார். இன்னொருவர் அதிலும் பாதி. கட்டைவிரல் அளவு மிச்சம். மனுதாரர் கத்தியை எடுத்தார். தலைவர் தட்டை எடுத்தார்.'"

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் கடைசித் துண்டை முழுசாக எடுக்க யாருக்கும் கை வராது. சர்ச் விருந்துகளில் பட்டாணி அளவு கேக் தட்டிலேயே காய்ந்துபோய்க் கிடக்கும். தலைவர் முகம் பீட்ரூட் ஆயிற்று.

"நிறுத்துங்க! என்னைச் சுயநலக்காரன்னு எழுதியிருக்கீங்க!"

"எங்கே எழுதியிருக்கேன்? ஒரு வார்த்தை காட்டுங்க."

காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கினார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே விரல் வைத்துத் தேடினார். பன்னிரண்டு வருடத்தில் அவர் ஒன்றை முழுசாகப் படித்து நான் பார்த்தது அன்றுதான்.

"வார்த்தை இல்ல," என்றார் மூச்சுவாங்க. "வார்த்தை இருக்கணுமா? பூட்டு, ஹீட்டர், நாற்காலி... எந்த முட்டாள் படிச்சாலும் நான் எப்படிப்பட்டவன்னு தெரியுதே!"

இரும்பு நாற்காலியில், கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்த தீலியா கையைத் தூக்கினாள்.

"அப்படின்னா எட்டாம் கேள்விக்கு நீங்க என்ன எழுதுவீங்க சார்?"